ஏழு மில்லிமீட்டர்

ஃபீபியின் இடது முழங்கால் நடந்தால் வலிக்காது. உட்கார்ந்தால் வலிக்காது. மாடிப்படி ஏறினால்கூட வலிக்காது. ஓடினால் மட்டும் வலிக்கும்.

ஃபீபிக்கு ஓடுவதுதான் பிடிக்கும்.

அவள் ஆம்பூரில் ஏழாம் வகுப்பு படித்தாள். அறுநூறு மீட்டர் ஓட்டத்தில் அவளை முந்த அவள் பள்ளியில் ஆளில்லை. செப்டம்பர் மாதக் கடைசிச் சனிக்கிழமை வேலூரில் மண்டலப் போட்டி. முதலில் வருகிறவர் மாநிலப் போட்டிக்குப் போகலாம். ஒருவர் மட்டும்தான்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாள், பாதி ஓட்டத்தில் ஃபீபி முழங்காலைப் பிடித்துக்கொண்டு மைதானத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

விளையாட்டு ஆசிரியை சௌந்தரம் டீச்சர் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"டாக்டர் கையெழுத்துப் போட்ட பேப்பர் கொண்டா. ஓடலாம்னு அவர் எழுதணும். இல்லன்னா போட்டிக்கு நீ கைதட்டத்தான் வரணும்."

வேலூருக்கு வெளியே ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. அதன் மைதானத்தை ஒட்டி, விளையாட்டில் அடிபட்டவர்களுக்கென்றே ஒரு சின்ன மருத்துவமனை. மூன்று அறைகள், ஒரு நீள வராந்தா. புதன்கிழமை மதியம் பள்ளிப் பிள்ளைகளையும் பார்ப்பார்கள்.

ஃபீபியின் அம்மா இன்பம் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருந்தார். புதன்கிழமைதோறும் அரைநாள் விடுப்பு எடுத்து மகளை பஸ்ஸில் கூட்டிவந்தார்.

அந்த மருத்துவமனையில் மூன்று பேர். டாக்டர் சாந்தகுமார் எலும்பைப் பார்ப்பார். பெர்சிஸ் அக்கா பிசியோ. அவர் தசையைப் பார்ப்பார். சத்தார் பாய் எதையும் பார்க்க மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு, ஓடுகிற சத்தத்தைக் கேட்பார்.

சத்தார் பாய் ஒரு காலத்தில் கால்பந்து ஆடியவர். இப்போது கட்டுப் போடுவதும் ஐஸ் வைப்பதும் வந்தவர்களை ஓடவிட்டுப் பார்ப்பதும் அவர் வேலை. தரையைத் துடைப்பது அவர் வேலை இல்லை. ஆனாலும் துடைப்பார். வாசலில் ஓர் அட்டை தொங்கியது: ‘காலணிகளை வெளியே விடவும்.’ அதை எழுதியதும் அவர்தான்.

"ஷூ உள்ள வந்துச்சுன்னா நான் வெளிய போய்டுவேன்" என்பார்.

முதல் புதன்கிழமை மூன்று பேரும் ஃபீபியைச் சூழ்ந்துகொண்டார்கள்.

டாக்டர் டேப் வைத்து அவள் கால்களை அளந்தார். இரண்டும் ஒரே நீளம். எக்ஸ்ரே எடுத்தார். எலும்பு சுத்தம்.

பெர்சிஸ் அக்கா காலை மடக்கினார், நீட்டினார், திருப்பினார். "தசை நல்லா ஸ்ட்ராங்கா இருக்கு டாக்டர்."

சத்தார் பாய் அவளை வெறுங்காலோடு வராந்தாவில் ஓடவிட்டார். கண்ணை மூடினார்.

"டப், டப், டப். கடியாரம் மாதிரி ஓடறா. இவளுக்கு இன்னா வியாதி?"

"ஷூ எப்படி?" என்று டாக்டர் கேட்டார்.

"எக்ஸ்போர்ட் ஷூ, டாக்டர்" என்றாள் ஃபீபி.

மூன்று பேரும் ஒன்றாகத் தலையாட்டினார்கள். ஆம்பூர்ப் பக்கத்தில் ‘எக்ஸ்போர்ட்’ என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் கேள்வி கிடையாது. வெளிநாட்டுக்காரன் போடுகிற ஷூ. அதில் குறை இருக்குமா?

ஃபீபி இன்னும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அம்மா அவள் முதுகில் லேசாகக் குத்தினார். அது ஆகஸ்டில் வாங்கிய எக்ஸ்போர்ட் ஷூதான். ஆனால் கப்பலேறாத ஷூ. தையலில் சின்னக் கோணல் என்று கம்பெனி கழித்துவிட்ட சரக்கு. பஜாரில் முனீர் அகமதுவின் கடையில் அப்படிப்பட்ட ஷூக்கள் குவிந்து கிடக்கும். நல்ல ஷூவைத் தேடி எடுப்பதில் அம்மா கெட்டிக்காரர். ஆனால், ‘ரிஜெக்ட்’ என்று டாக்டர் முன்னால் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"ஒரு வாரம் ஓடாதே" என்றார் டாக்டர்.

ஒரு வாரம் ஓடவில்லை. வலி போய்விட்டது. மறுபடி ஷூவை மாட்டிக்கொண்டு மைதானத்தில் ஓடினாள். வலி வந்துவிட்டது.

இரண்டாவது புதன்கிழமையும் இதே கதை.

மூன்றாவது புதன்கிழமை வந்தது. சனிக்கிழமை போட்டி.

உள்ளே மூன்று பேரும் வாதாடினார்கள்.

"எலும்புல ஒண்ணும் இல்ல" என்றார் டாக்டர்.

"தசைலயும் ஒண்ணும் இல்ல" என்றார் பெர்சிஸ் அக்கா.

"சத்தத்துலயும் ஒண்ணும் இல்ல. பேஜாரா இருக்கு" என்றார் சத்தார் பாய்.

டாக்டர் பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். மறுபடி மூடினார்.

"காரணம் தெரியாம ஓட விட்டா நாளைக்கு முட்டி கெட்டுப்போகும். இந்த வருஷம் வேணாம்மா. என்னால கையெழுத்துப் போட முடியல."

ஃபீபி அழவில்லை. "சரி டாக்டர்" என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்கு வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, அப்புறம் அழுதாள்.

வானமும் அந்த நேரம் பார்த்துத்தான் இருட்டியது. காற்று சுழற்றி அடித்தது. மழை சாய்ந்து வராந்தாவுக்குள்ளேயே விழுந்தது.

வாசலில் இருபது ஜோடி காலணிகள் கிடந்தன. அவளுடையதைத் தவிர எல்லாம் உள்ளே இருக்கிறவர்களுடையவை. தோள் இறங்கியவர், கணுக்கால் பிசகியவர், தொடையில் கட்டுப் போட்டவர். எல்லாருக்கும் ஏற்கெனவே ஒரு வலி இருக்கிறது. வெளியே வந்து ஈர ஷூவில் காலை விட்டு வழுக்கவும் வேண்டுமா?

ஃபீபி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

இரண்டு இரண்டாகத் தூக்கினாள். மழை எட்டாத ஓர் இடம்தான் இருந்தது. ஜன்னலுக்குக் கீழே சுவரை ஒட்டிய நீளமான சிமெண்டுத் திட்டு. அது அவள் நெஞ்சு உயரம். ஒவ்வொரு ஜோடியாக அதில் வைத்தாள். ஹீல் பக்கம் வெளியே பார்க்கும்படி வரிசையாக வைத்தாள். கடைசியாகத் தன்னுடையதை வைத்தாள்.

பிறகு குனிந்து, வரிசை நேராக இருக்கிறதா என்று பார்த்தாள்.

பத்தொன்பது ஜோடிகள் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி நின்றன. இருபதாவது ஜோடி அப்படி நிற்கவில்லை. அவளுடைய இடது ஷூ வலது ஷூவைவிடக் கொஞ்சம் உயரமாக இருந்தது.

திட்டு மேடுபள்ளமாக இருக்கும் என்று நினைத்தாள். இரண்டையும் இடம் மாற்றி வைத்தாள்.

அப்போதும் இடது ஷூதான் உயரம்.

நிறம் ஒன்று. கயிறு ஒன்று. அளவு ஒன்று. ஆனால் இடது ஷூவின் அடி தடிமனாக இருந்தது. காலில் போட்டிருந்தால் தெரியாது. தரையில் கிடந்தாலும் தெரியாது. கண்ணுக்கு நேராக வைத்தால்தான் தெரியும்.

ஃபீபி இரண்டு ஷூவையும் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

"ஏய்! ஏய்! ஷூ! தரை!" என்று சத்தார் பாய் இரண்டு கையையும் விரித்து மறித்தார்.

"பாய், இதைப் பாருங்க!"

"அட்டைல இன்னா எழுதியிருக்கு? படிச்ச பொண்ணுதானே நீ?"

அவர் கைக்குக் கீழே புகுந்து ஃபீபி போய்விட்டாள். டாக்டரின் மேஜைமேல், காகிதங்களுக்கு நடுவில், ஷூ இரண்டையும் வைத்தாள். மண் உதிர்ந்தது.

"டாக்டர், குனிஞ்சு பாருங்க."

டாக்டர் குனிந்தார். பெர்சிஸ் அக்கா குனிந்தார். சத்தார் பாய் திட்டிக்கொண்டே வந்து, குனிந்து, திட்டுவதை நிறுத்தினார்.

டாக்டர் ஸ்கேலை எடுத்து ஹீலை அளந்தார். மறுபடி அளந்தார்.

"ஏழு மில்லிமீட்டர்."

பெர்சிஸ் அக்கா ஸ்கேலை வாங்கித் தானும் அளந்தார். அதே ஏழு.

"இதைப் போட்டு ஓடு" என்றார் சத்தார் பாய்.

"உள்ளயா பாய்?"

"உள்ளதான். ஓடு!"

ஃபீபி ஷூவை மாட்டிக்கொண்டு, துடைத்த தரையில் தடம் பதிய ஓடினாள். சத்தார் பாய் கண்ணை மூடினார்.

"டப், டொப். டப், டொப். யா அல்லா! மூணு வாரமா இவளை வெறுங்காலோட ஓடவிட்டோமே!"

"மூணு வாரமா காலை அளந்தோம்" என்றார் பெர்சிஸ் அக்கா. "ஷூ வாசல்லயே கிடந்துச்சு." அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அம்மா ஷூவைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"ரிஜெக்ட் ஷூ, டாக்டர். நான்தான் சொல்லல. நான் மேல் தையல் பார்க்கிறவ. தையல் ஒவ்வொண்ணா எண்ணிப் பார்த்து வாங்கினேன். அடியைப் பார்க்கவே இல்ல."

"நீங்க அடியைப் பார்க்கல. நாங்க ஷூவையே பார்க்கலம்மா" என்றார் டாக்டர். "தப்பு எங்க பேர்லயும் இருக்கு. வா ஃபீபி, மழை விட்டதும் மைதானத்துக்குப் போலாம்."

மழை விட்டது. ஃபீபி வெறுங்காலோடு மைதானத்தை இரண்டு சுற்று ஓடினாள். டாக்டர் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு சேற்றில் நின்றார்.

"வலிக்குதா?"

"இல்ல."

"இப்போ?"

"இல்ல டாக்டர்!"

"இப்போ?"

"நீங்க கேக்கறதுதான் தொந்தரவா இருக்கு!"

டாக்டர் அங்கேயே, சத்தார் பாயின் முதுகில் காகிதத்தை வைத்து, கையெழுத்துப் போட்டார்.

அவர்கள் கிளம்பும்போது வாசலில் புது அட்டை தொங்கியது. மை இன்னும் காயவில்லை: ‘காலணிகளை உள்ளே கொண்டு வரவும். காலில் அல்ல, கையில்.’

ஆம்பூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அம்மா நேராக முனீர் அகமதுவின் கடைக்கு நடந்தார்.

முனீர் அகமது ஷூவைப் பார்த்ததும் நெற்றியில் தட்டிக்கொண்டார்.

"மன்னிச்சுக்கோம்மா. ஒரே மாடல்ல ரெண்டு ஜோடி வந்துச்சு. நாலு ஷூவும் கலந்து கிடந்துச்சு. கலரையும் சைஸையும் பார்த்து ஜோடி சேர்த்தேன். அடிப்பாகம் ஒரு ஜோடிக்குப் பழைய அச்சு, ஒரு ஜோடிக்குப் புது அச்சு போல. வேற சைஸ் அஞ்சு இப்ப எங்கிட்ட இல்லியே."

"அந்த இன்னொரு ஜோடி எங்க பாய்?" என்று ஃபீபி கேட்டாள்.

"அது போய்டுச்சு. வாலாஜாபேட்டை ஸ்கூல் மாஸ்டர் ஒருத்தர் வாங்கிட்டுப் போனார். அவர் ஸ்கூல்ல ஒரு பொண்ணு நல்லா ஓடுமாம். பேரு... ரஃபத்தோ என்னவோ."

ஃபீபிக்கு அந்தப் பெயர் தெரியும். ரஃபத் ஜஹான். போன வருடம் இரண்டு போட்டிகளில் ஃபீபியைத் தோற்கடித்தவள்.

வீட்டுக்கு நடக்கும்போது ஃபீபி ஷூ இரண்டையும் கயிற்றைப் பிடித்து ஆட்டிக்கொண்டே வந்தாள்.

"அம்மா, ரஃபத்துக்கும் முட்டி வலிக்கும் இல்ல?"

"வலிக்கும்."

"வலிச்சா மெதுவாத்தான் ஓடுவா."

"ஆமா."

அம்மா வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று ஃபீபிக்குத் தோன்றியது. திட்டினால்கூடப் பரவாயில்லை.

சனிக்கிழமை காலை, வெறுங்காலோடு ஓடப்போகிறவள், ஷூவையும் பையில் எடுத்து வைத்தாள்.

பல்கலைக்கழக மைதானத்தில்தான் போட்டி. வெள்ளைக் கோடுகள் பளிச்சென்று இருந்தன. ஓர் ஓரத்தில் முதலுதவிக் கூடாரம். அதில் டாக்டர், பெர்சிஸ் அக்கா, சத்தார் பாய் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

ரஃபத் ஜஹான் மைதானப் படிக்கட்டில் உட்கார்ந்து வலது முழங்காலில் கைக்குட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். காலில் அதே ஷூ.

ஃபீபியைப் பார்த்ததும் கைக்குட்டையைக் கையால் மறைத்தாள்.

"இன்னா, ஆம்பூர்ல ஷூவுக்கா பஞ்சம்? வெறுங்காலோட வந்திருக்க?"

"உனக்கு முட்டி வலிக்குதா?"

"யார் சொன்னது? எனக்கு ஒண்ணும் இல்ல."

"ஆகஸ்ட்லருந்து வலிக்குது. ஓடினா மட்டும் வலிக்கும். நடந்தா வலிக்காது. சரியா?"

ரஃபத்தின் வாய் கொஞ்சம் திறந்தது. "உனக்கு எப்படித் தெரியும்?"

ஃபீபி சொன்னாள். முனீர் அகமதுவின் கடை, கலந்துபோன நாலு ஷூ, ஏழு மில்லிமீட்டர் எல்லாம் சொன்னாள்.

ரஃபத் கண்ணைச் சுருக்கினாள்.

"நல்லா கதை விடற. நான் ஷூவைக் கழட்டணும், நீ எதையாவது பண்ணணும், நான் தோக்கணும். அதானே?"

ஃபீபிக்குக் கோபம் வந்தது. போ என்று திரும்பிவிடலாம் போல இருந்தது. ஆனால் புதன்கிழமை தன் கண்ணாலேயே பார்க்காமல் இருந்திருந்தால் அவளும்தான் நம்பியிருக்க மாட்டாள்.

"என்னை நம்பாத. நீயே பாரு. ஷூவை நீயே கழட்டு, நீயே வை. நான் தொடமாட்டேன்."

பையிலிருந்து தன் ஷூ இரண்டையும் எடுத்துப் படிக்கட்டின் மேல்படியில் வைத்தாள். மூன்றடி தள்ளி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

ரஃபத் யோசித்தாள். ஷூவைக் கழற்றினாள். பக்கத்தில் வைத்தாள். இரண்டு படி இறங்கிக் குனிந்து பார்த்தாள்.

உயரம், குள்ளம். குள்ளம், உயரம்.

"ரெண்டு இடது ஷூவையும் மாத்தி வை" என்றாள் ஃபீபி.

ரஃபத் மாற்றி வைத்தாள். மறுபடி குனிந்தாள்.

குள்ளம், குள்ளம். உயரம், உயரம்.

"அய்யோ!" என்றாள் ரஃபத். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். "எங்க மாஸ்டர் என்னை நடிக்கறேன்னு சொன்னாரு. எனக்கே நடிக்கறேனோன்னு சந்தேகம் வந்துடுச்சு."

முழங்காலில் கட்டிய கைக்குட்டையை அவிழ்த்தாள்.

"இதை ஏன் எங்கிட்ட சொன்ன? நான் பாதில உட்கார்ந்துட்டா நீதானே ஃபர்ஸ்ட்?"

"அதான் வேணாம்" என்றாள் ஃபீபி. "நான் ஜெயிச்சா நீ வருஷம் பூரா சொல்லிக்கிட்டுத் திரிவ. கால் வலி, அதான் தோத்தேன்னு."

ரஃபத்துக்குச் சிரிப்பு வந்தது. "நிச்சயமா சொல்லுவேன்."

ஆளுக்கொரு சரியான ஜோடியை மாட்டிக்கொண்டார்கள். ஃபீபி ரஃபத்தைக் கையைப் பிடித்து முதலுதவிக் கூடாரத்துக்கு இழுத்துப் போனாள்.

டாக்டர் முழங்காலை அழுத்திப் பார்த்தார். பெர்சிஸ் அக்கா மடக்கிப் பார்த்தார். சத்தார் பாய் புல்லில் ஓடவிட்டுக் கேட்டார்.

"டப், டப். ஏ ஒன்!"

"வலி?" என்று டாக்டர் கேட்டார்.

"கம்மியாய்டுச்சு டாக்டர். இப்ப லேசாத்தான் இருக்கு."

சத்தார் பாய் அவள் முழங்காலில் பட்டையாக ஒரு கட்டுப் போட்டார். "ஜாஸ்தியாச்சுன்னா உடனே நின்னுடணும். புரியுதா?"

அறுநூறு மீட்டர் பெண்கள் என்று ஒலிபெருக்கி அழைத்தது.

எட்டுப் பேர் கோட்டில் நின்றார்கள். ஒன்றரைச் சுற்று. துப்பாக்கி வெடித்தது.

முதல் நூறு மீட்டர் ஃபீபி வலிக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. இருநூறில் காத்திருந்தாள். வரவில்லை. அதற்குப் பிறகு காத்திருப்பதை விட்டுவிட்டு ஓடினாள்.

ரஃபத் எல்லாருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தாள். நொண்டவில்லை. போன வருடத்தைவிட வேகமாக இருந்தாள்.

நானூறு மீட்டரில் ஃபீபி நான்காவது. வளைவில் மூன்றாவது. வளைவு முடியும்போது அவளுக்கு முன்னால் ஒரே ஒரு முதுகுதான் இருந்தது.

"கையை வீசு! கையை வீசு!" என்று பெர்சிஸ் அக்கா கத்தினார்.

"நாம ரெண்டு பக்கத்துக்கும் பொது. கத்தக் கூடாது" என்றார் டாக்டர். சொல்லி முடித்த கையோடு நாற்காலிமேல் ஏறி நின்று அவரும் கத்தினார். "ஃபீபி! ரஃபத்! ஃபீபி! ரஃபத்!"

கடைசி ஐம்பது மீட்டர். இரண்டு தோள்களும் ஒன்றாக வந்தன. ரஃபத் திரும்பிப் பார்த்தாள். ஃபீபி பார்க்கவில்லை. கண்ணுக்கு முன்னால் நாடா மட்டும் இருந்தது. நெஞ்சை முன்னால் தள்ளினாள்.

இரண்டு பேரும் கோட்டைத் தாண்டி, புல்லில் உருண்டு, அங்கேயே கிடந்தார்கள்.

நடுவர்கள் மூன்று பேர் கூடிக்கூடிப் பேசினார்கள். ஒருவர் கடிகாரத்தைக் காட்டினார். மற்றொருவர் தலையை ஆட்டினார். சௌந்தரம் டீச்சர் விசிலைக் கடித்துக்கொண்டு நின்றார். படிக்கட்டில் நின்ற அம்மா, மூடிய கண்ணைத் திறக்கவே இல்லை.

ஒலிபெருக்கி கரகரத்தது.

"அறுநூறு மீட்டர் பெண்கள். முதலிடம், ஆம்பூர், ஃபீபி."

சௌந்தரம் டீச்சரின் விசில் தானாகவே ஒலித்தது. அம்மா, ஓடுகிறவர்களைத் தவிர யாரும் வரக்கூடாத தடத்தில், செருப்பு ஒரு பக்கம் கழன்று விழ, ஓடிவந்தார். கூடாரத்தில் சத்தார் பாய் டாக்டரை நாற்காலியோடு சேர்த்துக் கட்டிப்பிடித்தார்.

ரஃபத் புல்லில் படுத்தபடியே வானத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"கால் வலின்னு சொல்லவும் முடியாம பண்ணிட்டியே, பாவி!"

ஃபீபிக்கு மூச்சு வாங்கியது. சிரிக்க மட்டும் முடிந்தது.